சுடாத சுடரும் அப்பாவின் காலும்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒருநாள் ஆய்வகத்தில் அந்தச் சுடரைக் காட்டினார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியில், ஊதா நிறத்தில், ஊதுவத்திக் கனம்தான் இருந்தது. ஹீலியம் வாயுவில் மின்சாரத்தைச் செலுத்தி, திறந்த காற்றிலேயே உண்டாக்குகிற பிளாஸ்மா. தொட்டுப் பார், சுடாது என்றார்கள். தொட்டேன். சுடரைத் தொட்ட கை சும்மா இருக்குமா? தானாகப் போய் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது. அவ்வளவுதான்! என்னோடு வேலை பார்க்கும் கத்ரின், கண்ணில் ஏதோ பட்டுவிட்டது என்று அலறியபடி என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாள். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன்.

அந்தச் சுடரைக் கணினிக்குள் எரியவைப்பதுதான் என் வேலை. எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு வாயு, சுற்றிலும் எப்படிப்பட்ட காற்று என்று கொடுத்தால், சுடர் எவ்வளவு நீளும், அதில் என்னென்ன உண்டாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். என் முதல் கணக்கு சோதனையோடு ஒத்தே போகவில்லை. பிழையைக் கத்ரின்தான் தேடிக் கண்டுபிடித்தாள்.

"அறை வெப்பநிலை முப்பத்து நான்கா? யாருடைய அறை இது?"

திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறை, வேறு யாருடையது? அறை என்றாலே என் உடம்புக்கு அதுதான். இருபதாக மாற்றினேன். ஆனால் பழைய கோப்பை அழிக்க மனம் வரவில்லை. ஊர் நினைப்பு தாங்காத நாளில் அதை ஓடவிடுவேன். திரையில் எங்கள் வீட்டுக் காற்றில் சுடர் எரியும். பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியும்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலை சுற்றுவார். போன தடவை அடி அண்ணாமலைப் பக்கம் காலில் கல் குத்திவிட்டது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவே இல்லை. இங்கே சில மருத்துவமனைகளில் ஆறாத புண்ணுக்கு இந்தச் சுடரைக் காட்டிப் பார்க்கிறார்கள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து போனை எடுத்தாலே, "உன் நெருப்பு எப்ப பாப்பா இங்க வரும்?" என்றுதான் கேட்பார். நானோ, தங்கும் அனுமதி புதுப்பித்து வராமல், நாட்டைவிட்டு நகர முடியாமல் கிடந்தேன்.

நேற்று மதியம் ஆய்வகத்தில் இருந்தபோது வீடியோவில் வந்தார்.

"நாளைக்குக் கட்டை விரல எடுத்துடறாங்களாம். அப்புறம் மலை சுத்த முடியுமோ என்னமோ, அதான் யோசனை. அந்த நெருப்ப ஒருவாட்டி காட்டேன்."

காட்டினேன்.

"எத்தினி வோல்ட்டு?"

"ஆயிரக்கணக்குலப்பா."

"கைய வெச்சிடாத!" என்று அதட்டினார். பிறகு கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் போனுக்கு முன்னால் நீட்டினார். போனைச் சுடருக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஊதா வெளிச்சம் அப்பாவின் கட்டின்மேல் விழுந்தது. போன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் விழுந்தது.

"சுடவே இல்லியே பாப்பா" என்று சிரித்தார்.

"அது சுடாதுப்பா."

அங்கே அவர் திரையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். இங்கே என் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்தும், கத்ரின் இந்த முறை என்னைக் குழாயடிக்கு இழுக்கவில்லை.