சித்தி உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் பஞ்சர் கடைக்காரர் வால்வைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று சீறியது. கூடவே சுட்ட ரப்பர் வாசனை. வண்டியை அவரிடம் விட்டுவிட்டு நான் எங்கேயோ போய்விட்டேன். எங்கள் பழைய வீட்டின் பின்னறைக்கு, நொச்சித்தழை வெந்நீரின் ஆவிக்குள், சுவரில் சாய்ந்து நின்றபடியே பிள்ளைக்குப் பால் கொடுக்கும் சித்தியிடம்.

நின்றபடியேதான். தலைப்பிரசவம், சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். படுக்கலாம், நிற்கலாம், உட்கார முடியாது. படுத்துக் கொடுத்தால் பிள்ளைக்குப் புரையேறும் என்று அம்மா விடவில்லை. அம்மா தன் தங்கைக்குச் செய்யாத வைத்தியமில்லை. இடுப்பில் வெந்நீரை வீசி ஊற்றினாள், பழம்புடவையால் வயிற்றை இறுக்கிக் கட்டினாள், பூண்டு லேகியம் உருட்டி ஊட்டினாள். இடுப்புவலி இறங்கியது, வயிற்றுவலி இறங்கியது. தையல் மட்டும் யாருக்கும் மசியவில்லை.

ஆஸ்பத்திரி கொடுத்த வலி மாத்திரை தலையணைக்கடியில் பிரிக்காமல் கிடந்தது. பால் கொடுப்பவள் தாராளமாகப் போடலாம் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். பால் வற்றிவிடும் என்று சித்தியின் மாமியார் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸா வீட்டுக்கு வந்து வாதாடப் போகிறார்? கால் கடுத்துப்போய்ச் சித்தி பிள்ளையைப் பாதியில் எடுப்பாள், அது வீறிடும். பால் பத்தவில்லை, பவுடர் பால் கரைக்கலாம் என்று மாமியார் ஆரம்பித்திருந்தார். சித்திக்கு அந்தப் பேச்சுதான் தையலைவிட வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்கினார். அங்கே ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். தோளில் மாலைபோல, காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப். கெடிலம் ஆற்றில் மிதக்க எனக்குத்தான் என்று ஓடினேன்.

“ஒனக்கில்ல பாப்பா, சித்திக்கு. கீழ போட்டு ஒக்காரச் சொல்லு. புண்ணு தரையில படாது.”

தீட்டுக் கழியும்வரை ஆண்பிள்ளை அறைக்குள் வரக்கூடாது. அவர் சந்தில் நின்று ஜன்னல் வழியாகத்தான் குடித்தனம் நடத்தினார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பச்ச ஒடம்புக்காரிக்கு வண்டி டியூப்பா தம்பி?”

சித்தி அதன்மேல் புடவையைப் போர்த்தி மெல்ல இறங்கினாள். இறங்கிய வேகத்தில் எழுந்தாள்.

“யோவ்! ரெண்டு பேரு ஏறி ஊருக்குப் போறதுக்கா காத்தடிச்ச?”

அவள் அவரை யோவ் என்று அழைத்து அன்றுதான் கேட்டேன். சித்தப்பா கம்பியில் முகத்தை அழுத்தினார்.

“பாப்பா, அந்த வாயில ஊசி மாரி இருக்கும் பாரு, லேசா அமுக்கு.”

அமுக்கினேன். புஸ்.

“இப்ப?”

“கல்லாட்டம் இருக்கு.”

இன்னும் கொஞ்சம். புஸ்.

“இப்ப?”

சித்தி உட்கார்ந்திருந்தாள். கண் மூடி, தோள் தளர்ந்து, நெற்றி முடிச்செல்லாம் அவிழ்ந்து. பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நிற்பவளுக்கு ஏது மடி? அன்றுதான் அவளுக்கு மடி வந்தது. பிள்ளை குடித்துக் குடித்து, குடிப்பதை மறந்து தூங்கியது.

“ஒக்காந்துட்டாளா?” என்றது சந்து.

“ஒக்காந்துட்டாங்க.”

சித்தப்பா எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

உட்கார்ந்தவளுக்குத் தைரியமும் வந்து உட்கார்ந்தது போலும். தலையணையை விலக்கி மாத்திரையைப் பிரித்தாள், தண்ணீர் கேட்டாள். கேட்ட தோரணையில் அம்மா மறுபேச்சில்லாமல் சொம்பை எடுத்துவந்தாள்.

மாலை வண்டிக்குக் கிளம்பியவரிடம் சித்தி ஜன்னலோரம் சொன்னாள்: “ஒங்கம்மா கேட்டா மறைக்காதீங்க. நானேதான் மாத்திர போட்டுக்கிட்டேன்னு சொல்லிடுங்க.”

அவர் சொன்ன பதிலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாத்திரையை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. பெரியவர்கள் இப்படிக் கூசாமல் புளுகலாமா, புளுகியவரைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு அழகாகச் சிரிக்கலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

“நீ பேசாம இரு. நான்தான் பிடிவாதமா போட வெச்சேன்னு சொல்லிக்கறேன்.”