ஆவியில் வாட்டிய பொன்வெள்ளி மொட்டுகள்

மியாவ் ஷியுசின் தெற்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பத்து வருடம் வேலை பார்த்தவள். பறித்த இலைக்கு உடனே ஆவி காட்டினால்தான் பச்சை நிற்கும் என்பது அவள் கைக்குப் பழகிப்போன விஷயம். நாற்பத்தாறு வயதில் ஷாண்டோங் மலையடிவாரத்திலிருந்த புகுந்த வீட்டுக்கே திரும்பிவந்தாள். கோதுமை விளைந்த மேட்டு நிலத்தில் பொன்வெள்ளிப் பூக்கொடி நட வேண்டும் என்று கணவன் சாங்ஹவிடம் ஒற்றைக்காலில் நின்றாள். வெள்ளையாக விரிந்து மறுநாளே மஞ்சளாகிவிடும் பூ அது. ஆனால் காய்ச்சலுக்கும் தொண்டைப் புண்ணுக்கும் மருந்தாவது, விரியாத மொட்டுதான்.

மூன்றாம் வருடம் கொடி கொத்துக் கொத்தாக மொட்டு விட்டது. ஒரு காலையில் இருவரும் இருபது கிலோ பறித்துப் போட்டார்கள். முற்றத்தில் பரப்பி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த மூன்று நாளும் விடாது என்றது வானொலி.

கொழுந்தன் சாங்லின் குடையோடு வந்தான்.

"அண்ணி, ஒரு பிடி கந்தகத்தைக் கொளுத்திப் புகை போடுங்க. மொட்டு பல்லு மாதிரி வெளுத்துடும். யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"குடிக்கிறவங்க தொண்டை கண்டுபிடிக்கும்டா. நீ போ."

அவள் நேராகச் சந்தை முனையில் ஆவி ரொட்டி விற்கும் ஃபூ அக்காவிடம் ஓடி, பதினொரு மூங்கில் தட்டுகளை இரவல் வாங்கிவந்தாள். தட்டுக்கு இரண்டு நிமிடம் ஆவி. பிறகு, குளிர்காலத்தில் சூடேற்றிப் படுக்கிற செங்கல் மேடையின் அடியில் அடுப்பை மூட்டி, மேடைமேல் பாய் விரித்து மொட்டுகளைப் பரப்பினாள்.

"மொட்டை வேகவச்சிருக்கே. இனிமே வினிகர் ஊத்திச் சாப்பிட வேண்டியதுதான்" என்றான் சாங்ஹ. "அதுவும் என் இடுப்பு வலிக்குன்னு இருக்கிற மேடையில அதுங்களப் படுக்க வச்சிட்டு, நான் எங்க படுக்கிறதாம்?"

"பெஞ்சு காலியாத்தான் கிடக்கு."

காய்ந்த மொட்டு வெளுக்கவில்லை. மங்கலான பச்சையில் நின்றது. வெளுத்ததுக்குத்தான் விலை என்று நம்பியிருந்த சாங்ஹவின் முகம் அதைப் பார்த்ததும் தொங்கிப்போனது. கூட்டுறவுக் கிடங்கில் யின் என்ற பரிசோதகர் ஒரு கைப்பிடி எடுத்து உறையில் போட்டு, "நாளை மறுநாள் வாங்க" என்றாள். அந்த இரண்டு நாளும் சாங்ஹ மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஷியுசினுக்குச் சோறு இறங்கவில்லை. கோதுமையே போட்டிருக்கலாமோ என்று முதல்முறையாக நினைத்தாள்.

குறித்த நாளில் இருவரும் கிடங்குக்குப் போனார்கள். யின் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தாள்.

"இதை எப்படிக் காயவச்சீங்க, அக்கா?"

"மழைங்க... ஆவியில காட்டினேன். தப்பா?"

"தப்பா! குளோரோஜெனிக் அமிலம் குறைஞ்சது ஒன்றரை சதவீதம் இருக்கணும். உங்களுதுல மூணேகால் இருக்கு. கந்தகமும் துளி இல்ல."

"அது எதுக்குங்க?" என்றான் சாங்ஹ மெதுவாக.

"நம்ம உடம்புக்குள்ளேயும் இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி ஒண்ணு நடக்குதில்ல, அதைத் தடுக்கிற சரக்குல இது ஒண்ணு. ஆப்பிளை நறுக்கி வச்சா கறுக்குதே? அதே மாதிரி, பறிச்ச மொட்டுக்குள்ள ஒரு நொதி இந்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். நீங்க காட்டின ஆவியில அது செத்துப்போச்சு. அமிலம் தப்பிச்சிடுச்சு."

ஷியுசின் பக்கத்திலிருந்த மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் சேர்ந்தே வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை.

சாங்ஹ தொண்டையைச் செருமினான்.

"எந்திரி. பசிக்குது. நீயும் ஒழுங்காச் சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு."

"பேச வாய் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, வந்துடுச்சு. நட."

வெளியே மழை விட்டிருந்தது. சந்தையில் ஆளுக்கு இரண்டு கிண்ணம் ஆட்டுக்கறி சூப்பு குடித்தார்கள். மூன்றாவது கிண்ணத்தையும் அவளே கேட்டு வாங்கினாள்.