ரெண்டு சீட் வண்டி

என் மாமனார் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்து வாழ்கிறவர். சோறு போதுமா என்று கேட்டால் "ம்". இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றால் அதற்கும் "ம்". எந்த "ம்" போதும், எந்த "ம்" வை என்று கண்டுபிடிக்கவே கல்யாணமான புதிதில் எனக்கு மண்டை காய்ந்தது. இத்தனைக்கும் அவர் வியாபாரி. பக்கத்துத் தெருக்களில் இருக்கிற கடைகளுக்கெல்லாம் முட்டை போடுகிறவர். வியாபாரத்துக்கு வாய்தானே முதல்? அந்த முதல் முழுக்க என் அத்தையிடம் இருந்தது. மாமா வண்டியை ஓட்டுவார். அத்தை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கடைக்குக் கடை பேசுவார்.

முட்டை வண்டியை எல்லாரும் ஓட்டிவிட முடியாது. ரோட்டில் ஒரு பள்ளத்தைப் பார்த்தால் மாமாவின் வண்டி முதலில் நிற்கும். பிறகு யோசிக்கும். பிறகுதான் இறங்கி ஏறும். சைக்கிளில் போகிறவர்கள்கூட மணியடித்துத் தாண்டிப் போவார்கள். கடைக்காரர்கள் வைத்த பெயர் நத்தை அண்ணன். நேரில் கூப்பிட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதற்கும் ஒரு "ம்"தான்.

எங்கள் வீடு ஓர் அறை, ஒரு கூடம், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டிய சமையலறை. அறையில் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும். கூடத்தில் மாமா, அத்தை, முட்டை. சுவரோரமாக முட்டை அட்டைகள் என் தோள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அங்கே பிள்ளைகள் பந்து விளையாட முடியாது. கோபம் வந்தால் நான் ஒரு கரண்டியைக்கூட விட்டெறிய முடியாது. தும்மினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற வீடு அது. வீட்டுக்காரரிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போக வேண்டும். அங்கே குப்பைத் தொட்டிப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எங்கள் சண்டையும் சமாதானமும். "என்னங்க, இன்னிக்கு குப்பை நிறைய இருக்கு" என்று நான் சொன்னால் போதும், அவர் முகத்தில் ஈயாடாது.

பழைய வண்டி மேடு ஏறும்போது இருமத் தொடங்கியபோதுதான் புது வண்டிப் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர். எதையும் நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்று குதிப்பவர். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போய், ரெண்டு சீட் வைத்த ஒரு சின்ன சரக்கு வண்டியை புக் செய்துவிட்டு வந்தார். அடுத்த மாதமே வந்துவிடும் என்றார்கள். எங்கே வந்தது? எங்கேயோ ஒரு நாட்டில் விரல் நகம் அளவுக்கு ஒரு எலக்ட்ரானிக் சில்லு கிடைக்கவில்லையாம். அது இல்லாமல் இத்தனை பெரிய வண்டி நகராதாம். போன் போடும்போதெல்லாம் ஷோரூம் தம்பி, "இந்த வாரம் வந்துடும்க்கா" என்பான். எந்த வாரம் என்று மட்டும் சொல்ல மாட்டான்.

அதற்குள் பழைய வண்டி நடுரோட்டில் படுக்க ஆரம்பித்தது. வெயிலில் முட்டையோடு வண்டி நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டு கடைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கினார்கள். மற்றவர்களும் முகத்தைச் சுளித்தார்கள். இப்படியே போனால் மாமாவின் வியாபாரம் கையை விட்டுப் போய்விடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் ஷோரூம் தம்பி கூப்பிட்டான். ஒற்றை சீட் வண்டி ஒன்று தயாராக நிற்கிறதாம். ஓட்டுகிறவருக்கு மட்டும் இடம். பக்கத்தில் சாமான் வைக்கிற பெட்டி. இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் துள்ளினார். மாமா வாய் திறந்தார்.

"கலர் பிடிக்கல."

"வெள்ளைப்பா! நாள் முழுக்க வெள்ளையத்தான தொட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"பிடிக்கல."

அந்த வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஒற்றை சீட் வண்டி நீலத்தில் வந்தது. மாமா ஷோரூம் வரை போய், சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி சின்னதா இருக்கு" என்றார். அதுவும் போயிற்று. காத்திருந்தவன் பெண்டாட்டியை நேத்து வந்தவன் கொண்டுபோன கதையாக நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்குக் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், "எங்கப்பாவுக்கு என்னதான் ஆச்சு?" என்று கத்திய கத்தலில் ஒரு நாய் எழுந்து ஓடிவிட்டது.

இதற்கெல்லாம் நடுவில் அத்தை ஒரு காரியம் செய்தார். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அடுத்து ஒத்த சீட் வந்தா எடுத்துடுங்க. எனக்கும் முதுகு வலி. நான் வீட்லயே இருந்துக்கறேன்" என்றார். மாமா தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "ம்" கூட வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்த வாரத்தில் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. கடைகளில் கணக்குப் பேச ஆள் வேண்டுமே என்று மாமாவோடு நான் போனேன். அந்த வண்டிக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அத்தையின் சீட்டில் பழைய சேலையை மடித்துத் தைத்த மெத்தை. கதவோரம் ஒரு கொக்கியில் அவருடைய பை. கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பு, ஒரு பொட்டு அட்டை, கால் பக்கத்தில் ஒரு பிளாஸ்க். எங்கள் வீட்டில் அத்தைக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. அவருடைய சாமானெல்லாம் இங்கேதான் இருந்தன.

முதல் கடையைத் தாண்டியதும் ஒரு குரல் கேட்டது.

"மூலைக்கடைக்காரன் மீசைய எடுத்துட்டான், பாத்தியா? மூஞ்சி உரிச்ச முட்டையாட்டம் இருக்கு."

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். மாமாதான். ரோட்டைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போகிறார்! மருந்துக்கடைக்காரர் மகளுக்கு வரன் பார்க்கிற கதை, பேரன் கணக்கில் மக்காக இருப்பது, மருமகள் ரசத்தில் உப்பு தூக்கல். அந்த இடத்தில்தான் பக்கத்தில் இருப்பது யார் என்று அவருக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"நாளைலருந்து கொறச்சுப் போடறேன் மாமா" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

எல்லாக் கடைகளுக்கும் போட்டு முடித்துத் திரும்பும்போது வண்டி காலி. அப்போதும் அதே நத்தை வேகம். உடைவதற்கு ஒன்றும் இல்லையே, ஏன் இப்படி ஊர்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். பிளாஸ்க்கைத் திறந்து பழக்கம்போல இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, ஒன்றை என் பக்கம் நீட்டினார்.

"தினமும் இங்க நிறுத்துவீங்களா மாமா?"

"ம்." கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். பிறகு கேட்டார்: "ஏம்மா, அவளுக்கு நெசமாவே முதுகு வலியா? இல்ல, என்கூட வந்து வந்து சலிச்சுப்போச்சா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். வெள்ளை பிடிக்காததும், கண்ணாடி சின்னதாகப் போனதும் எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதருக்கு இந்த வீட்டில் பெண்டாட்டியோடு உட்கார்ந்து பேச இருக்கிற ஒரே இடம் இதுதான். அதை விற்றுவிட்டு ஒற்றை சீட் வாங்கிக்கொள் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவர் கழுத்தைப் பிடித்திருந்தோம். கூடத்தில் பேரப்பிள்ளைகள் எதிரில், மகன் எதிரில், இதை எந்த வாயால் சொல்வார்?

வீட்டுக்கு வந்ததும் நேரே அத்தை படுத்திருந்த பாய்க்குப் போனேன்.

"அத்தை, எந்தப் பக்கம் முதுகு வலிக்குது? தைலம் தேய்க்கறேன்."

அத்தை அந்தப் பக்கம் என்றார், இந்தப் பக்கம் என்றார், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வலியும் இல்ல, ஒண்ணும் இல்லடி. நான் ஒருத்தி உக்காரணும்னு வண்டி தள்ளித் தள்ளிப் போகுது. இருக்கற கடையும் போயிட்டா மனுஷன் ஒடிஞ்சுபோயிடுவாரு."

"உங்களுக்கு சலிச்சுப்போச்சான்னு கேக்கறாரு."

"எனக்கா?" அத்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "வீட்டுக்குள்ள வந்தா அந்த மனுஷன் ஊமை. அங்க உக்காந்தாத்தான் எனக்குப் புருஷன். அது எனக்கு சலிக்குமா?"

"என்னங்க, இன்னிக்கு குப்பை நிறைய இருக்கு" என்றேன் என் வீட்டுக்காரரிடம். கூடையில் நாலு முட்டை ஓடுதான் இருந்தது. தொட்டிப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாதாடத்தான் வாயைத் திறந்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். "ரெண்டு சீட்டே வரட்டும்" என்றார். மூன்றாவது ஒற்றை சீட்டுக்கு ஷோரூம் தம்பி கூப்பிட்டபோது வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான்.

வேண்டாமென்று சொல்லிவிட்டு நன்றாகப் பட்டோம். காலையில் வேலைக்குப் போகுமுன் அவர் பழைய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் ஆக்கிவிட்டுப் போவார். பக்கத்துக் கடைகளுக்கு நானே இரண்டு கையிலும் அட்டையை ஏந்தி நடந்து போட்டேன். இன்னொரு கடை போயிற்று; மீதியை அத்தையின் வாய் பிடித்து வைத்தது. காய்ச்சல் விட்ட மறுநாளே அவர் தன் சீட்டில் ஏறிவிட்டார். முதுகு வலி போன இடம் தெரியவில்லை.

கடைசியில் வண்டி வந்தது. எடுக்க நாங்கள் எல்லாரும் போனோம். ஷோரூம் தம்பி சாவியைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஒரு சின்ன விஷயம் ஐயா. ஆடியோ செட் மட்டும் இன்னும் வரல. அதுக்கும் தட்டுப்பாடுதான். வந்ததும் கூப்பிடறோம், மாட்டித் தர்றோம்." வண்டியின் முன்பக்கத்தில் அது இருக்கவேண்டிய இடம் சதுரமாக, வெறும் பொந்தாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சண்டைக்குத் தயாரானார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம் தம்பி. என் பாட்டுப்பெட்டி கூடவே வந்திருக்கு." அத்தையைக் கண்ணால் காட்டினார். "நிறுத்தற பட்டன்தான் இல்ல."

அந்த மனிதர் வெளியாட்கள் முன்னால் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. அத்தை அவர் தோளில் ஒரு அடி வைத்தார். பிள்ளைகள் இருவரும் பக்கத்து சீட்டில் ஏறப் போட்டி போட்டார்கள். நான் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துத் திருகி இறக்கினேன். "அது உங்க பாட்டி இடம். யாரும் ஏறக்கூடாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஏதோ மனத்தாங்கல். "என்னங்க, குப்பை நிறைய இருக்கு" என்று கூடையைத் தூக்கினேன். மாமா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"குப்பை கெடக்கட்டும். வண்டி சும்மா நின்னா பேட்டரி எறங்கிடும். ரெண்டு பேரும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

"காலைலதானப்பா ஓட்டி…" என்று ஆரம்பித்தவரின் காலை நான் மிதித்தேன். அத்தை ஒன்றும் தெரியாதவர்போல பிளாஸ்க்கை என் கையில் திணித்தார். "புள்ளைங்கள நாங்க பாத்துக்கறோம், போங்க." எங்கள் குப்பைக் கதை இத்தனை நாளும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வெட்கத்தில் நான் யார் முகத்தையும் பார்க்காமல் போய் ஏறினேன்.

ஆடியோ செட் வைக்கிற பொந்தில் இரண்டு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. கதவைச் சாத்தினோம். சத்தமெல்லாம் வெளியே நின்றுவிட்டது.

"சரி, சொல்லு. என்ன சண்டை?" என்றார்.

"மறந்துபோச்சு."

நிஜமாகவே மறந்துவிட்டது. பின்னால் ஒரு முட்டைகூட இல்லை. எதையும் நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்று குதிக்கிற என் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.