நாலு சொல்லாதவன்

ரவூப் இறந்த செய்தி அவன் வீட்டிலிருந்து எனக்கு வரவில்லை. எங்கள் இசைக்குழுவின் வாட்ஸப்பில் வந்தது. அந்த வாட்ஸப்பில் ரவூப் கிடையாது. எட்டு வருடம் முன்பே அவனை நீக்கியாகிவிட்டது. மேனேஜர் எழுதியிருந்தார்: "நம் பழைய டிரம்மர் காலமாகிவிட்டார். அஞ்சலி போஸ்டருக்கு அவர் முகம் தெளிவாகத் தெரிகிற படம் யாரிடமாவது இருக்கிறதா?" கொச்சி வில்லிங்டன் தீவில் என் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து பழைய படங்கள் அத்தனையையும் தேடினேன். எல்லாவற்றிலும் பாடகன் ஜோசி முன்னால் நிற்கிறான். பேஸ் கிடாரோடு நான் பக்கத்தில் நிற்கிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் ரவூப்பின் முகத்தை டிரம்ஸின் சிம்பல் தட்டு மறைத்திருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் கூட வாசித்தவனுக்கு ஒரு படம் தேறவில்லை.

'சுக்கு' என்று குழுவுக்கு ஏன் பெயர் வைத்தோம் என்பதற்கு ஜோசி பேட்டிகளில் ஒரு தத்துவம் சொல்வான். அதை நம்பாதீர்கள். கொச்சங்காடியில் ரவூப்பின் வாப்பாவுடைய சுக்குக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே வாசித்துப் பழகினோம், அவ்வளவுதான். மூவரில் ஜோசி மலையாளி. ரவூப் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. நான் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த தமிழ்க் குடும்பம். அதனால் எங்கள் இருவருக்குள் தமிழ். குழுவில் தமிழில் செய்ய வேண்டிய காரியம் எதுவானாலும் பிற்பாடு என் தலையில்தான் விழுந்தது.

குழுவுக்குள் தமிழ் வந்ததே ஒரு ஹங்கேரி கேசட்டால். துறைமுகத்தில் ஒரு கப்பல்காரர் கொடுத்துவிட்டுப் போனது. அந்த நாட்டில் பேர்பெற்ற ராக் குழு ஒன்று பெரிய அரங்கத்தில் நடத்திய ஆண்டுவிழாக் கச்சேரி. ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியாது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒருவன் எண்ணுவது மட்டும் தெரிந்தது. "அவனுங்க அவனுங்க பாஷையில எண்றானுங்க. நமக்கு மட்டும் என்னடா ஒன் டூ த்ரீ? வீட்ல எண்ற மாதிரி எண்ணுவோம்" என்றான் ரவூப். அன்றிலிருந்து ஸ்டிக்கைத் தட்டிக்கொண்டு ஒண்ணு, ரெண்டு, மூணு என்பான். அதோடு நிறுத்திவிடுவான். "எடா, நாலெவிடெ?" என்று, நாலு எங்கே என்று, ஜோசி கத்தியபோது சொன்னான்: "நாலு சொல்றதுக்கில்லடா, அடிக்கிறதுக்கு."

அதே கேசட்டில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் யாரோ ஒரு பெயரைச் சொல்வார்கள். உடனே அரங்கமே அலறும். ரவூப் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பான். "பழைய ஆள் யாரையோ மேடைக்கு ஏத்துறாங்கடா. இல்லாட்டி இப்படிக் கத்துவாங்களா?" என்பான். அது ஏதாவது ஊர்ப்பெயராக இருக்கும் என்று நான் சொன்னால் கேட்க மாட்டான். சுக்குக்கும் ஒருநாள் அப்படி ஆண்டுவிழா நடக்கும் என்பதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

பிறகு மேனேஜர் வந்தார். இனிமேல் எல்லாரும் காதில் டிக் டிக் என்று தாளம் கொடுக்கும் கருவியை மாட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்றார். ரவூப்புக்கு அது ஒத்துவரவில்லை. "ஜனம் ஓடினா நானும் ஓடுவேன். மெஷின் ஓடுமாடா?" என்று கழற்றி வைத்தான். பெங்களூரிலிருந்து ஒரு டிரம்மரை ஏற்பாடு செய்துவிட்டார்கள். இதை ரவூப்பிடம் யார் சொல்வது? ஜோசி என்னைப் பார்த்தான். "நீ சென்னு பற. தமிழில் கேட்டால் அவனு அத்ர விஷமம் காணில்ல." நான் போய்ச் சொல்ல வேண்டுமாம், தமிழில் கேட்டால் அவனுக்கு அவ்வளவு வருத்தம் இருக்காதாம். நானும் போனேன், தூது போகிற பெரிய மனிதன் போல. கிடங்கில் சுக்கு மூட்டைமேல் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். ரவூப் கிளாஸை என் பக்கம் நகர்த்தினான். "சாயா ஆறுது, குடி" என்றான். அதற்கப்புறம் அவன் வாப்பாவின் வியாபாரத்தைப் பார்க்கப் போனான்.

போன வருடம் சுக்குக்கு முப்பது வயது. எர்ணாகுளத்தில் பெரிய உள்ளரங்கில் விழாக் கச்சேரி. இருட்டில் ரவூப்பின் பழைய குரல் எண்ண, அதில் கச்சேரி தொடங்க வேண்டும் என்பது மேனேஜரின் யோசனை. கிடங்கில் பதிந்த கேசட்டிலிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணை எடுத்தார்கள். வெளியூர் சவுண்ட் இன்ஜினியர், பதிவு பாதியில் அறுந்திருக்கிறது என்றார். நாலு வேண்டும், அதில்தான் விளக்கெல்லாம் எரியும் என்றார். தமிழ் யாருக்குத் தெரியும்? உப்புப் போட்டுச் சோறு தின்கிறவன் மறுத்திருப்பான். நான் மைக் முன் நின்று ரவூப்பின் குரலை வரவழைத்து "நாலு" என்றேன். இரண்டாம் தடவை அச்சாக அவனைப் போலவே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அனுமதிச் சீட்டு இரண்டைக் கொண்டுபோய் ரவூப்பிடமும் அவன் மனைவி சபீனாவிடமும் கொடுத்தேன். ரவூப் நேராகவே கேட்டான்: "மேடைக்குக் கூப்பிடுவாங்களாடா?"

"கூப்பிடாம? நானே கூப்பிடுறேன்" என்றேன்.

கச்சேரி அன்று விளக்குகள் அணைந்தன. அந்தப் பெரிய அரங்கம் முழுக்க ரவூப்பின் குரல் எண்ணியது. ஜனம் ஆர்ப்பரித்தது. கடைசியில் என் நாலு. கடைசிப் பாட்டுக்கு முன்னால் நான் மைக்கைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் காதில் மாட்டியிருந்த கருவியில் மேனேஜர், "டைம் இல்லை, நேரே பாட்டுக்குப் போங்கள்" என்றார். மைக் உயிரோடுதான் இருந்தது. ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ரவூப் இருந்த பக்கம் பார்த்தேன். விளக்கு கண்ணில் அடித்தது, யாரும் தெரியவில்லை. "நன்றி கொச்சி" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் கிடங்குக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று ரவூப் கேட்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு நான். நாலு யாருடா?" என்றான்.

"தெரியலடா. கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணியிருப்பாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பாலக்காட்டுக் கம்ப்யூட்டரா இருக்கும்" என்றான். அப்போதும் எனக்கு சாயா வந்தது. குடித்துவிட்டு வந்தேன். அதன்பின் அவனை உயிரோடு பார்க்கவில்லை.

மையத்து எடுத்து அடக்கம் செய்த மறுநாள், போஸ்டருக்குப் படம் கேட்டு சபீனாவுக்கு போன் செய்தேன். பார்க்கப் போனால் அதுவும் தமிழில் செய்ய வேண்டிய காரியம்தானே. "அரங்கத்துல நான் எடுத்தது ஒண்ணு இருக்கு அண்ணா. அதுல முகம் நல்லாத் தெரியும்" என்று அனுப்பினாள். புதுச் சட்டை. சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்திருக்க, ரவூப் மட்டும் நிற்கிறான். ஒரு கை மேல்பொத்தானைப் போடுகிறது. கண் மேடையைப் பார்க்கிறது. எப்போது எடுத்தது என்று கேட்டேன்.

"கடைசிப் பாட்டுக்கு முன்னாடி. நீங்க மைக்க எடுத்தீங்கல்ல, கூப்பிடப் போறீங்கன்னு எந்திரிச்சிட்டார்."

இதைப் படித்து அவனை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். நாலு சொன்னவன் நான்தான். ரவூப்பிடம் ஒப்புக்கொள்ளாததை இங்கே ஒப்புக்கொள்கிறேன், அதனால் அவனுக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை. மேனேஜரிடம் படம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். போஸ்டரில் சிம்பல் தட்டுதான் இருக்கிறது. எழுந்து நிற்கிற ரவூப் என்னிடம் இருக்கிறான்.