கீழ் வரிசை, மூன்றாவது பொத்தான்

மொரிவாக்கி எய்சாக்கு எங்கள் துறைமுகத்தில் பிறந்தவர். இளவயதில் ஒரே ஒரு முறை ஒசாகாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே துறைமுகத்தில் எண்ணெய் நாறுகிறதே தவிர மீன் நாறவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு ஒரு வருடத்திலேயே திரும்பி வந்தார். வந்ததும் சுமிஏவைக் கட்டிக்கொண்டார். அவளோடு அவளுடைய அப்பாவின் தொழிலும் வந்தது: ஒரு சின்ன வெள்ளை லாரி, கடற்கரைச் சாலை நெடுக நிற்கும் தீனிப் பெட்டிகள்.

காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் பொட்டலம் விழும் பெட்டிகள்தான். இன்று யாரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று அப்படி இல்லை. கணவாய்ப் படகுகள் விடியலில் கரை சேரும்போது ஐஸ் தொழிற்சாலை வாசலில் எரியும் ஒரே விளக்கு அந்தப் பெட்டியின் விளக்குதான். பொதுக் குளியல் வீட்டிலிருந்து ஈரத் தலையோடு வரும் பிள்ளைகள் இறால் வறுவலுக்கு அதன் முன் சண்டை போடுவார்கள். பனி கொட்டும் மாதங்களில் மொரிவாக்கி முதலில் மண்வெட்டியால் பெட்டிக்குப் பாதை வெட்டிவிட்டு, அப்புறம்தான் கதவைத் திறப்பார். சுமிஏ லாரியில் உட்கார்ந்து, அடுத்த பெட்டிக்கு வேண்டியதைக் கூடையில் பிரித்து வைப்பாள். இருவரும் வேலை நேரத்தில் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. வானொலி பேசும்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று, படகுத்துறை டிக்கெட் அலுவலகத்தின் ஓரம் நின்றது. பேருந்து கடைசியாக வந்து திரும்பும் இடமும் அதுதான். அந்தப் பேருந்தை ஓட்டியவர் ஹதானோசான். ஒவ்வொரு நடைக்கும் இடையில் வண்டியிலிருந்து இறங்கி, வெள்ளைக் கையுறையைக் கழற்றி, தொப்பியைச் சரி செய்துகொண்டு, பெட்டிக்கு வருவார். வாங்குவது எப்போதும் ஒன்றே: காகிநோதானே. காரமான அரிசிப் பிறைகளும் வேர்க்கடலையும் கலந்த பொட்டலம். கீழ் வரிசை, இடமிருந்து மூன்றாவது பொத்தான். அந்த இடத்தில் மட்டும் உள்ளே சுருள் கம்பி சிக்கும். ஆகவே பொத்தானை அழுத்தியதும் பெட்டியின் இடது விலாவில் உள்ளங்கையால் ஓர் அறை. பொட்டலம் விழும்.

"எய்சாக்கு, உன் பெட்டிக்கு உன்ன மாதிரியே ஒரு அறை விட்டாத்தான்டா வேல ஓடுது" என்பார். மொரிவாக்கி பள்ளிக்கூடத்துக்குப் போனதே ஹதானோசான் ஓட்டிய பேருந்தில்தான். அதனால் அந்த உரிமை.

"அடுத்த வாரம் சரி பண்ணிடுறேன், ஹதானோசான்."

முப்பது வருடம் அந்த அடுத்த வாரம் வரவில்லை.

பிறகு படகுப் போக்குவரத்து நின்றது. சுமிஏ இறந்தாள். படகுத்துறைப் பெட்டியை மொரிவாக்கி நான் பராமரிப்பு வேலை பார்க்கும் கமோமே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் நடையில் வைத்தார். பெட்டி முதலில் வந்தது. ஹதானோசான் நாலு வருடம் கழித்து வந்தார்.

வரும்போதே அவருக்கு நினைவு தப்பியிருந்தது. மகள் மியோகோவைச் சில நாள் தன் தங்கை என்பார். காலையில் சட்டைக்குள் கையை நுழைக்கத் தெரியாமல் நிற்பார். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் சுவர்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து, மடிப் பையிலிருந்து ஓர் ஐந்நூறு யென் நாணயம் எடுத்துப் போட்டு, குனிந்து, மூன்றாவது பொத்தானை அழுத்தி, இடது விலாவில் ஓர் அறை விடுவார். நாங்கள் யாரும் உதவ மாட்டோம். வேண்டுமென்றேதான். ஒருவர் தன் கையால் செய்கிறதை உன் கையால் செய்யாதே. பராமரிப்புப் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். தலை மறந்ததைக் கை மறப்பதில்லை. அந்த ஒரு பொட்டலம்தான் ஒரு நாளில் அவர் தானாகச் செய்கிற காரியம்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் புது ஐந்நூறு யென் நாணயத்தை வெளியிட்டது. விளிம்பு ஒரு நிறம், நடு ஒரு நிறம். பழைய பெட்டிகளுக்கு அது காசே இல்லை. போட்டால் கீழே கிண்ணத்தில் கணீரென்று திரும்பி விழும்.

மியோகோ ஒழுங்கான பெண். அப்பாவுக்குக் கொடுக்கும் பணம் கசங்கியோ கறுத்தோ இருக்கக் கூடாது என்று வங்கியில் சொல்லிவைத்துப் பளபளக்கும் புது நாணயமாகவே வாங்கிக்கொண்டு வந்தாள். நான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"பழைய காசாக் குடும்மா."

"அப்பாவுக்கா? பழசா?" அவள் முகம் போன போக்கு! செத்த வீட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்குத்தான் புது நோட்டு கூடாது என்பார்கள். அப்பா உயிரோடு இருக்கையில் பழசைக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

ஆகவே அவர் குளிக்கும் நேரத்தில் பையில் இருக்கும் புதுசை எடுத்துவிட்டுப் பழசை வைத்தோம். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கேட்டு வாங்கி வந்தோம். நாளாக ஆகப் பழசு அருகியது.

மொரிவாக்கியிடமும் சொன்னேன். அவர் பெட்டிக்குள் தலையை விட்டபடியே பதில் சொன்னார்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல புது நோட்டும் வருதுக்கா. இப்ப காசுக்கு ஒரு தடவ மாத்தணும், அப்புறம் நோட்டுக்கு ஒரு தடவ மாத்தணும். சுத்துவட்டாரத்துல பெட்டி வச்சிருக்கிற எல்லாரும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஒரே செலவா முடிச்சிடலாம்ல?"

"இதுல காசு வாங்குற பாகத்த மட்டும் மாத்த முடியாதா?"

"இந்தப் பெட்டிக்குப் பாகமே நிறுத்திட்டாங்க. மாத்தறதுன்னா மொத்தமா தூக்கிப் போடறதுதான்."

பொத்தான்களுக்கு மேலே ஒட்டியிருந்த விலைச் சீட்டுகள் சுமிஏவின் கையெழுத்து.

புத்தாண்டுக்கு மறுநாள் மியோகோ தந்த புதுக் காசு ஒன்று எங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஹதானோசான் போட்டார். விழுந்தது. துடைத்துப் போட்டார். விழுந்தது. அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. தையல்கடை வைத்திருந்த கிழவி ஒருத்தி, பொல்லாத வாய்க்காரி, "என்ன ஹதானோசான், கள்ளக்காசா? பேருந்துல எவனோ ஏமாத்திட்டானா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அறைக்குப் போனார். அடுத்த நாள் மதியம் வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோனோம். கால் ஒரு வாரம் நடக்காவிட்டால் அந்த வயதில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மொரிவாக்கிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "உன் நோட்டு வர்ற வரைக்கும் அவர் காத்திருக்க மாட்டார், எய்சாக்கு."

மறுமுனையில் அவர் வானொலியை அணைப்பது கேட்டது. அப்புறம், "வர்றேன்க்கா" என்றார்.

வந்தார். அந்த வாரமே புத்தம்புதுப் பெட்டியோடு வந்து, பழையதை லாரியில் ஏற்றிக்கொண்டார். தொழிலில் இருப்பதிலேயே உயர்ந்தது. முகம் முழுக்கக் கண்ணாடித் திரை. கிட்டப் போனாலே ஒரு பெண் குரல் பேசும்: "வாருங்கள்! இன்றும் நன்றாக உழைத்திருக்கிறீர்கள், மிக்க நன்றி!"

ஹதானோசானை நான் கையைப் பிடித்து நடை வரைக்கும் கூட்டிவந்து, விட்டேன். பெட்டி பேசியது. அவர் நிமிர்ந்தார். தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். இடுப்பு வரை வளைந்து வணங்கினார்.

"அப்படில்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்கதான் பாவம், இந்தக் குளிர்ல நின்னுக்கிட்டிருக்கீங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

திரும்பி அறைக்குப் போய்விட்டார். நன்றி சொன்னவருக்குப் பதில் மரியாதை செய்தாயிற்று. அதற்குமேல் காசை நீட்டிக்கொண்டு நிற்பது அழகா?

அவர் மட்டுமில்லை. தையல்கடைக் கிழவி பெட்டி பேசி முடிக்கட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தாள். அது முடிப்பதாக இல்லை. மூன்றாம் நாள் ஹதானோசான் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "புதுசா வந்திருக்கே, அந்தப் பொண்ணு நல்ல மரியாத தெரிஞ்ச பொண்ணு. கடலைதான் தர மாட்டேங்குது."

மொரிவாக்கி பெட்டியின் குரலை நிறுத்தினார். அப்போதும் சரிப்படவில்லை. ஹதானோசானின் கை கண்ணாடியைத் தேடவே இல்லை. குனிந்து, பொத்தான் இருந்த உயரத்தில், வெறும் தகட்டை அழுத்தியது. மறுபடி அழுத்தியது. மொரிவாக்கி நடையோரம் குந்தியிருந்து, அந்த விரல் தகட்டில் பதிந்து வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து, "நான் பெட்டியத்தான் பாத்தேன்க்கா, அவர் கையப் பாக்கல" என்றார். அவ்வளவுதான். அன்றே கண்ணாடிப் பெட்டியை லாரியில் ஏற்றி, உயர்நிலைப் பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுபோனார். அங்கே பிள்ளைகள் கைபேசியைக் காட்டியே வாங்கிவிடுவார்கள். பெட்டி பேசினால் அதோடு வாயாடவும் செய்வார்கள்.

அவர் மறுபடி வந்தபோது கொண்டுவந்தது ஒரு நடுவயதுப் பெட்டி. மலைப் பக்கத்து ஊரில் மூடிப்போன பவுலிங் விளையாட்டுக் கூடத்தில் கிடந்ததாம். புதுசும் இல்லை, பழசும் இல்லை. பொத்தான் இருந்தது. காசு வாங்கும் வாயை மட்டும் புதுசாக மாற்றியிருந்தார்.

"நோட்டு வந்தா?" என்றேன்.

"நோட்டு வந்தா இன்னொரு தடவ மாத்தறேன். இங்க நோட்டப் போட்டு யாரு வாங்குறா?"

பழைய பெட்டியை அளந்து, அதன் பொத்தான் இருந்த உயரத்துக்கு அவர் நடைச் சுவரில் கோடு கிழித்தார். இந்தப் பெட்டியின் பொத்தான் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. படகுப் பலகைத் துண்டுகளைக் கீழே கொடுத்து உயர்த்தினார். கீழ் வரிசை மூன்றாவதில் காகிநோதானேயை அடுக்கினார். சுமிஏவின் சீட்டுகளைக் கத்தி முனையால் நோகாமல் உரித்து வந்திருந்தார். அவற்றை ஒட்டலாமா என்று என்னைக் கேட்டார். விலை ஏறிவிட்டதே என்றேன். காகிநோதானே என்று எழுதிய ஒன்றை மட்டும் விலையை வெட்டிவிட்டு ஒட்டினார்.

மதியம் ஹதானோசான் வந்தார். தானாக வந்தாரா என்றால் இல்லை. பாதி நடை வரைக்கும் நான் கூட நடந்தேன். மியோகோவின் பளபளக்கும் காசைப் போட்டார். காது கொடுத்துக் கேட்டார். திரும்பி விழவில்லை. குனிந்தார். விரல் பொத்தானில் சரியாக இறங்கியது. சுருள் சிக்காமல் சுழன்று பொட்டலம் விழத் தொடங்குவதற்குள், இடது விலாவில் பளார் என்று ஓர் அறை.

பொட்டலத்தையும் மீதிக் காசையும் எடுத்து, காசை மடிப் பையில் போட்டு, பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மொரிவாக்கியை ஏற இறங்கப் பார்த்தார். அன்று அடையாளம் தெரிந்தது.

"எய்சாக்கு, பெட்டிய ரிப்பேர் பண்ணிட்டியாடா?"

"பண்ணிட்டேன், ஹதானோசான்."

"முப்பது வருஷமா சொல்றேன்."

"தாமதமாயிடுச்சு. மன்னிச்சிடுங்க." மொரிவாக்கி குனிந்து வணங்கினார்.

"பொய் சொல்லாத. எங்க ரிப்பேரு? இன்னும் அறைஞ்சாத்தானே விழுது!" என்று சொல்லி, ஹதானோசான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடலையைக் கொறித்தபடி தனியாக நடந்து போனார்.

"அடுத்த வாரம் சரி பண்ணிடுறேன்" என்றார் மொரிவாக்கி.