பனையில் சுற்றிய ஏரியல்

யுத்தத்தில் சைகோன் கடுதாசிகள் நின்றுபோன வருஷம் நான் ஒரு ரேடியோப் பெட்டி வாங்கினேன். அண்ணன் அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தார். நம் பக்கத்து ஆட்கள் வீட்டுக்குச் சொல்லும் சேதிகள் வாரம் ஒரு சாயங்காலம் சைகோன் ரேடியோவில் தமிழில் வருவதாகக் கேள்வி. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வேறு வழியில்லை.

புதுச்சேரி ரேடியோக்காரர் செலியமேட்டுக்கு வந்து, எங்கள் கொல்லையில் இரண்டு பனைகளுக்கு நடுவே செம்புக் கம்பி இழுத்தார். அதுதான் ஏரியல். சைகோனிலும் உயரத்தில் ஒரு கம்பி இருக்கிறது, அதில் மின்சாரத்தைத் துடிக்க விடுகிறார்கள், அந்தத் துடிப்பு வெளியெல்லாம் பரவி நம் கம்பியிலும் துளி துடிக்கும், பெட்டி அதைக் குரலாக்கும் என்றார். கம்பியின் இரு முனையிலும் பீங்கான் குமிழ் கோத்துக் கட்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. ஏருக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்துவிட்டு ஏரியலை மட்டும் விடுவானேன் என்று இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். இறக்கும்போது குமிழ்கள் உடைந்தன. போனால் போகிறது என்று கம்பியையே பனையில் சுற்றி முறுக்கினேன். அன்றைக்குப் பாட்டு நன்றாகவே வந்தது.

ஐப்பசி அடைமழையில் பனைகள் ஊறிக் கிடந்த ஒரு சாயங்காலம், பெட்டியில் எங்கள் ஊர்ப் பெயர் கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். திருகினேன், பெட்டியை அறைந்தேன், சும்மா இருங்கள் என்று அண்ணியை அதட்டினேன். பாவம், அவர் வாயே திறக்கவில்லை.

மழை விட்டதும் ரேடியோக்காரர் வந்து பனையைப் பார்த்தார்.

"குமிழ் இல்லீங்களே. வந்ததெல்லாம் ஈர மரத்து வழியா மண்ணுக்குப் பூடுச்சி."

புதுக் குமிழ் கட்டி, வாரம் தவறாமல் உட்கார்ந்தோம். எங்கள் ஊர்ப் பெயர் அப்புறம் வரவே இல்லை.

யுத்தம் முடிந்து, அண்ணனோடு இருந்த அரியூர்க்காரர் ஒருவர் திரும்பி வந்தார். ஓர் ஐப்பசியில் அண்ணன் ரேடியோவில் தாமே பேசினாராம். அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாராம்.

"பேசிட்டு வெளிய வந்து, வூட்ல கேட்டிருப்பாங்கன்னு அவ்ளோ சந்தோசப்பட்டாரு," என்றார் அவர். "கேட்டீங்க இல்ல?"

அண்ணி என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"கேட்டோம். நல்லாக் கேட்டுச்சி."