மண்வீட்டின் முன்னால் ஓர் ஓர்கன்

அந்தப் படத்தில் வீட்டைவிட ஓர்கன்தான் முதலில் கண்ணில் படும். வீடு புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டியது, கூரையிலும் புல் முளைத்திருக்கும். நோர்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய், மரமே இல்லாத ஒரு வெளியில் காணி பெற்ற குடும்பத்தின் முதல் வீடு அது. அதன் முற்றத்தில், வெட்டவெளியில், தேவாலயத்தில் காலால் மிதித்து வாசிக்கிற ஓர்கன் ஒன்று நிற்கிறது. கறுத்த சட்டை போட்ட தாய் ஒரு கையை அதன்மேல் வைத்திருக்கிறாள். தகப்பன் குதிரையொன்றைப் பிடித்திருக்கிறார். பிள்ளைகள் சப்பாத்துப் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒன்றும் அளவானதாகத் தெரியவில்லை. அண்ணை அந்தப் படத்தைக் கமராவின் கீழே வைத்துவிட்டு, கால்விசையை மிதிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

அண்ணை என்று நான் சொல்வது கூடப்பிறந்தவரை அல்ல. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ஸ்காபரோவில் பழைய காகிதங்களைப் படம்பிடித்து மைக்ரோபிலிம் சுருளாக்கிக் கொடுக்கும் ஒரு சிறிய இடத்தில் என் பக்கத்துக் கமராவில் நின்றவர். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தவர் என்று கேள்வி. அவராக அதைச் சொன்னதில்லை. அந்த வருடம் எங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தவை நோர்வே, சுவீடன் நாட்டுக் குடியேறிகளின் காகிதங்கள். பேரப்பிள்ளைகள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் அனுப்பியிருந்தது. கடிதங்கள், தேவாலயப் பதிவுகள், படங்கள். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றி, மடிப்புகளை நீவி, ஒவ்வொன்றாகக் கமராவின் கீழே வைத்து மிதிக்க வேண்டும். காலை தொடங்கினால் பொழுதுபடும்வரை நின்ற நிலை. குளிரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் குதிக்கால் தனியாக அழும். கடிதங்களில் ஓர் எழுத்துக்கூட எங்களுக்கு விளங்காது. அதுவும் ஒரு வகையில் நிம்மதிதான், வாசிக்கத் தெரிந்திருந்தால் வேலை நடந்திராது.

படங்களுக்கு மட்டும் சங்கத்தார் ஆங்கிலத்தில் சிறு குறிப்பு அடித்து ஒட்டியிருந்தார்கள். ஓர்கன் படத்தின் குறிப்பை அண்ணை வாசித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

"தங்கச்சி, உந்த ஓர்கன் உவையின்ர இல்லையாம். அயல் பண்ணையில இருந்து வண்டியில ஏத்திக்கொண்டு வந்து வச்சு எடுத்ததாம். நோர்வேக்கு அனுப்ப."

"குதிரை?"

"அதைப்பற்றி எழுதேல்லை. அதுவும் இரவலாத்தான் இருக்கும்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்கட ஆக்களைவிட உவை கெட்டிக்காரர். படத்தில ஆகாததை ஒண்டும் நிக்க விடேல்லை" என்றார். அதற்கு நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய மனைவியும் மகளும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அண்ணையின் அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. அது முடிந்து, நிரந்தர வதிவிடம் கிடைத்து, அதன் பிறகுதான் அவர்களை ஸ்பொன்சர் செய்யலாம். இதை அண்ணிக்கு விளங்கப்படுத்துவது லேசில்லை. கனடாவுக்குப் போனவர் ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று லொட்ஜில் உள்ளவர்கள் கேட்கிறார்கள், அவ அழுகிறா. அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவரின் சொந்தக்காரர் பிறம்ரனில் வாங்கிய வீட்டுக்குக் குடிபூரல் வந்தது. அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனோம். என் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரின் காரில் கையை ஊன்றி, பின்னால் அந்தப் பெரிய வீடு தெரிய நின்றார். அண்ணிக்கு அனுப்புகிற படம், நான்தான் எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. வீடு தன்னுடையது என்று அவர் எழுதவில்லை. இன்னொருவருடையது என்றும் எழுதவில்லை. இங்கேயிருந்து போன எல்லாப் படங்களும் அப்படித்தானே போயின.

புல்லின்மேல் ஒரு சின்னச் சைக்கிள் சாய்ந்து கிடந்ததை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. அண்ணி கவனித்தா. அண்ணை தொலைபேசி அட்டை வாங்கி அழைப்பு எடுத்தபோது அவ சத்தம் போடவில்லையாம். "வீடு வடிவாயிருக்கு. காரும் வடிவாயிருக்கு. உந்தச் சைக்கிள் ஆரின்ர பிள்ளையின்ர?" என்று மட்டும் கேட்டாவாம்.

அண்ணை உண்மையைச் சொன்னார். வீடு என்னுடையதில்லை, கார் என்னுடையதில்லை, கோட்டுக்கூட இரவல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவவுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மாட்டுப்பட்ட பிறகு ஒருவன் வீட்டையே இல்லை என்கிறான் என்றுதான் நினைத்திருப்பா. இவ்வளவு வசதி இருந்தும் கூப்பிடவில்லை என்றால், அந்த வீட்டில் வேறு ஒருத்தி இருக்கிறாள். அந்தக் கணக்கில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் மகளைப் பேசவிட்டுவிட்டு அண்ணி விலகிக்கொண்டா. மகளும் அப்பாவோடு இரண்டு சொல் பேசிவிட்டு வைத்துவிடுவாள். வேலையில் அண்ணை ஊசி கழற்றுகிற கையைப் பார்ப்பேன். ஒரு காகிதத்தையே எடுத்து எடுத்து வைப்பார். எனக்கு அவர்மேல் இரக்கமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன். "இருக்கிற இடத்தை இருக்கிறபடி எடுத்து அனுப்புங்கோ அண்ணை. கண்ணால கண்டா நம்புவா."

நோர்வேக்காரரின் படம் வந்தது அந்த நாட்களில்தான். அன்று வேலை முடிந்து கோட்டு மாட்டும்போது, "ஞாயிற்றுக்கிழமை கமராவைக் கொண்டுவாரும் தங்கச்சி" என்றார்.

நானும் என் கணவரும் போனோம். அது ஒரு பேஸ்மென்ற். நான்கு ஆண்கள். நிலத்தில் மெத்தைகள், சுவரோரம் பைகள், ஒரு மூலையில் அரிசி மூடை, வெப்பக் குழாயின்மேல் காயப்போட்ட காலுறைகள். அண்ணை ஒன்றையும் ஒதுக்கவிடவில்லை. நான் பழக்கதோஷத்தில் சாப்பிட்ட கோப்பையைத் தள்ளி வைக்கப் போனேன். "விடும், கிடக்கட்டும்" என்றார். முகம் மழிக்காமல், வேலைக்குப் போடும் சட்டையோடு மெத்தையில் குந்தினார். என் வாழ்க்கையில் நான் எடுத்த படங்களில் அதைவிட உண்மையான படம் இல்லை. கனடாவிலிருந்து அப்படி ஒரு படம் அதற்கு முன் ஊர்ப்பக்கம் போயிருக்குமா என்பதே சந்தேகம்.

படம் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"என்ன சொன்னவ அண்ணை?"

"இதை ஆரின்ர வீட்டில போய் எடுத்தனீங்கள் எண்டு கேக்கிறா."

சொல்லிவிட்டு அவர் கமராவுக்குப் போய்விட்டார். பொய்யான படத்தை நம்பிய மனுசி மெய்யான படத்தை நம்பவில்லை. அதற்கு மேல் செய்வதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. அண்ணை காத்திருந்தார். நோர்வேக்காரரின் பெட்டிகள் முடிந்து திரும்பிப் போயின. அடுத்து ஏதோ காப்புறுதிக் கம்பனியின் பெட்டிகள் வந்தன. அண்ணையின் கேஸ் முடிந்தது. பிறகு ஸ்பொன்சர், மருத்துவச் சோதனை, அந்தக் காகிதம், இந்தக் காகிதம். அண்ணி எல்லாவற்றிலும் கேட்ட இடத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினா, ஆனால் கூட ஒரு வரி எழுதவில்லை. சேர்ந்திருக்க வருகிறாவா, கையும் களவுமாகப் பிடிக்க வருகிறாவா என்று அண்ணையே ஒருமுறை கேட்டார். பகிடி மாதிரித்தான் கேட்டார்.

இப்போது கைத்தொலைபேசியை ஒரு சுற்றுச் சுற்றினால் வீடு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றுகூட என் அக்கா ஊரிலிருந்து கேட்பா. மறைக்கவும் வழியில்லை, நிரூபிக்கவும் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஒருவரின் முழுச் சீவியமும் கையளவு கடதாசி ஒன்றில் போய்ச் சேர வேண்டியிருந்தது. நினைத்தால் இப்போதும் களைப்பாக இருக்கிறது.

அவர்கள் வந்திறங்கிய அன்று என் கணவர்தான் காரோட்டினார். அண்ணை அதற்குள் டோர்செட் பார்க்கில் ஒரு படுக்கையறை அப்பாட்மென்ற் எடுத்திருந்தார். பேஸ்மென்ற்றிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு மெத்தையும் இரண்டு பானைகளும். அண்ணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனா. அலுமாரியைத் திறந்தா. குளியலறைத் தட்டைப் பார்த்தா. குசினி இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தா. அண்ணை பயணப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, சோதனைக்கு நிற்கிற ஆள் போலக் கதவடியில் நின்றார். நாங்கள் போய்விட்டிருக்க வேண்டும். போகத் தெரியாமல் நின்றோம்.

அண்ணி வந்து மெத்தையில் இருந்தா. மகளும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"அப்ப நீங்கள் உண்மையாவே ஒண்டுமில்லாமல்தான் இருந்தனீங்களோ?"

"ஓம்" என்றார் அண்ணை. "உமக்கு அப்பவே சொன்னனான்."

அவ அழத் தொடங்கினா. சந்தேகம் தீர்ந்த அழுகை என்று நினைத்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. அண்ணை பெட்டியை வைத்துவிட்டு அவவுக்குக் கிட்டப் போனார். அவ சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தா.

"வெளிக்கிடேக்க லொட்ஜில எல்லாரும் கேட்டவை, போன உடன வீட்டுக்கு முன்னால நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ எண்டு. அந்தப் பிறம்ரன் ஆக்கள் இப்பவும் அங்கதானே இருக்கினம், தங்கச்சி? எங்கள் மூண்டு பேரையும் ஒருக்கால் அங்க கூட்டிக்கொண்டு போறீங்களோ?"